மயில் கலாத்தியா: இலை ஓரம் கருகுகிறது, கோலமும் வெளுக்கிறது. உதவுங்கள்

தேன்சிட்டு:
என் மயில் கலாத்தியாவில் இலை ஓரமெல்லாம் காய்ந்து, தொட்டாலே சருகாக நொறுங்குகிறது. வரைந்து வைத்தது போலிருந்த கரும்பச்சைக் கோலமும் வெளுத்துவிட்டது. வெளிச்சம் போதவில்லையோ என்று இரண்டு வாரம் முன்பு ஜன்னல் வெயிலில் வைத்தேன். அப்புறம் இன்னும் மோசம். தண்ணீர் தினமும் ஊற்றுகிறேன். உரம் போடலாமா?

கொடிமுல்லை:
சத்துக் குறைவு போலத் தெரிகிறது. கொஞ்சம் உரம் போட்டுப் பாருங்கள்.

நிழல்வாசி:
உரம் இப்போது வேண்டவே வேண்டாம். இது கிழக்கு பிரேசிலில், எஸ்பிரிட்டோ சாண்டோ மாநிலத்து மழைக்காட்டில் பெரிய மரங்களுக்கு அடியில் வளரும் செடி. அப்படிப்பட்ட காட்டில் உச்சியில் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் தரைக்கு வந்து சேரும். அதை வைத்தே பிழைக்கிற செடிக்கு ஜன்னல் வெயில் அடுப்புச் சூடு. கோலம் வெளுத்தது அதனால்தான், உள்ளே தள்ளி வையுங்கள். வேரும் ஆழமாகப் போகாது, தண்ணீர் தேங்கினால் அழுகும்.

ஓரம் கருகுவது வேறு சங்கதி. ஏசி ஓடுகிற அறையா? மண் மேல் வெள்ளையாக ஏதாவது படிந்திருக்கிறதா?

தேன்சிட்டு:
ஏசி இல்லை. ஆனால் தொட்டி விளிம்பில் சுண்ணாம்பு பூசினாற்போல் ஒரு வளையம் இருக்கிறது! பூஞ்சை என்று நினைத்துத் துடைத்தேன், மறுபடி வந்துவிட்டது. ஊற்றுவது குழாய்த் தண்ணீர்.

நிழல்வாசி:
அது உப்பு. காட்டில் இதற்குக் கிடைப்பது மழைநீர். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பு வேர் வழியாக ஏறி இலை ஓரம்வரை போகும். அங்கே தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். மழைநீர் பிடித்து, அடித்துளை வழியாக நன்றாக வடியும்படி இரண்டு மூன்று முறை ஊற்றி மண்ணைக் கழுவுங்கள். பிறகு மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். கருகின ஓரம் திரும்பப் பச்சையாகாது, புது இலை எப்படி வருகிறது என்று பாருங்கள்.

கொடிமுல்லை:
உரமும் உப்புதானே, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். குழாய்த் தண்ணீரை ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தால் போதாதா?

நிழல்வாசி:
குளோரின் போகலாம். உப்பும் ஃபுளோரைடும் அப்படியே இருக்கும்.

தேன்சிட்டு:
ஐந்து வாரம் கழித்து வருகிறேன். குழல் போலச் சுருண்டிருந்த புது இலை நேற்று விரிந்தது. ஓரம் சுத்தமாக இருக்கிறது, அடிப்பக்கம் நல்ல ஊதா! ராத்திரியில் இலைகள் எழுந்து நிற்பதையும் இப்போதுதான் கவனித்தேன். அது சரி, இது கலாத்தியாவே இல்லையாமே?

நிழல்வாசி:
ஆமாம், 2012-இல் கோப்பர்ட்டியா பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். விற்கிறவர்கள் இன்னும் பழைய பெயரை விடவில்லை. நானும்தான்.