ஜோன்சனுக்கு என்ன வருத்தம்?

குழு: திருக்கடலூர் வீட்டார்

அத்தான்: அப்பப்பாவின் ஜோன்சன், படகின் பின்னால் பூட்டுகிற அவுட்போட் இஞ்சின், திரும்பவும் ஆட்டம். மெதுவாக ஓடவிட்டால் படகின் பின்பலகையே கிடுகிடுக்கிறது. பிளக் இரண்டும் புதிது, காபரேட்டரும் கழுவியாச்சு. இஞ்சின் பார்க்கிற ஒருவர் பிஸ்டன் தொடங்கி எல்லாம் மாற்றவேண்டும் என்று பெரிய பில் ஒன்று சொல்கிறார்.

அக்கா: பில்லைக் கேட்ட பிறகு இஞ்சினை விட இவர்தான் கூட ஆடுகிறார் 😄

சின்ன மாமா: பொறு தம்பி. வேகம் கூட்டினால் ஆட்டம் குறைகிறதா?

அத்தான்: ஓம் மாமா. அரைவாசிக்கு மேலே பரவாயில்லை.

சின்ன மாமா: கியர் போடும்போது?

அத்தான்: ‘டொக்’ என்று ஒரு அடி. றிவேர்ஸ் போட்டால் இன்னும் பலமாக.

சின்ன மாமா: கொம்பிரஷன், அதுதான் சிலிண்டருக்குள் ஏறுகிற அமுக்கம், பார்த்தாரா அவர்?

அத்தான்: நானே பார்த்தேன். இரண்டு சிலிண்டரும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சின்ன மாமா: அப்ப பிஸ்டனை விடு. இஞ்சினை நிற்பாட்டிவிட்டு மேல் மூடியை இரண்டு கையாலும் பிடித்து முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் அசைத்துப் பார். படகில் பூட்டியிருக்கிற பிராக்கெட் அசையாமல் மேல்பகுதி மட்டும் தாராளமாகப் போய்வந்தால், இஞ்சினைத் தாங்கி நடுக்கத்தைக் குடிக்கிற ரப்பர் மவுண்ட் முடிந்தது. மருமகன், நீ போய் டோர்ச் பிடித்து நாலு மவுண்டையும் படம் எடுத்துப் போடு.

நான்: 📷 📷 📷
கீழே இடப்பக்கத்து மவுண்டில் ரப்பர் தகட்டை விட்டுக் கழன்று நிற்கிறது, இடையில் என் நகம் போகிறது. உள்ளே துரு பொங்கி அடுக்கடுக்காக உரிகிறது. மேல் மவுண்ட் வேறு மாதிரி. விரலால் அமத்தினால் பிசுபிசு என்று கறுப்பாகக் கையில் ஒட்டுகிறது.

சின்ன மாமா: ஆ, இதுதான் வருத்தம். இரண்டும் இரண்டு நோய். காபரேட்டரில் வழிகிற பெற்றோல்-ஒயில் கலவை கீழ்த்தட்டில் தேங்கி மேல் மவுண்டுக்கு இறங்குகிறது. சாதாரண ரப்பருக்கு ஒயில் ஆகாது, ஊதி இளகிவிடும். கீழே உப்புத்தண்ணீர் தகட்டை அரித்து ரப்பரைப் பிரித்துவிட்டது.

சின்ன மாமா: முன்னுக்கு ஓடும்போது புரொப்பெல்லர் தள்ளுகிற பாரம் கீழ் மவுண்டில்தான் அதிகம் விழும், மேல் மவுண்ட் எதிர்ப்பக்கம் இழுபடும். றிவேர்ஸ் போட்டதும் எல்லாம் மாறும். உனக்கு ‘டொக்’ கேட்பது அந்த நேரத்தில் இரும்பு இரும்பில் போய் முட்டுவதால். இப்படியே ஓடினால் பிறகு பிராக்கெட்டும் தேய்ந்துவிடும்.

அத்தான்: லொறி ரயர் துண்டு இருக்கிறது மாமா. அளவாக வெட்டி வைத்தால்?

சின்ன மாமா: கூடாது. ரயருக்குள் நூலும் கம்பியும். அது விறைத்து நிற்கும், நடுக்கம் அப்படியே படகுக்கு வரும். கம்பி துருப்பிடித்தால் அது வேறு தொல்லை. உண்மையான மவுண்டில் ரப்பரும் தகடும் சூட்டில் ஒட்டி ஒன்றாகியிருக்கும், சும்மா இடையில் செருகியது இல்லை.

அம்மா: சிலிக்கன் பூசினால் என்ன? குளியலறைக் குழாய்க்குப் பூசினோமே.

சின்ன மாமா: அக்கா, அது தண்ணீர் கசியாமல் இருக்க. இழுபட்டால் கிழியும். புளிச்ச மணம் வருகிற சிலிக்கன் உலோகத்தையும் அரிக்கும்.

கனடா சித்தப்பா: இப்பதான் எழும்பிப் பார்க்கிறேன். ஜோன்சனையும் எவின்ரூட்டையும் செய்த ஓ.எம்.சி. 2000 டிசம்பரில் வங்குரோத்து. பிறகு எவின்ரூட்டை எடுத்து நடத்திய பி.ஆர்.பி. கம்பனியும் 2020ல் அவுட்போட்டை நிறுத்திவிட்டது. ஆனால் அதிகம் விற்ற மாடல்களுக்கு வேறு கம்பனிகள் மவுண்ட் செய்கின்றன. பிராக்கெட்டில் ஒரு தகடு இருக்கும், அதில் உள்ள மாடல் நம்பரை அனுப்புங்கள். 1876ல் ஹெனரத்கொடவில் ரப்பர் நட்ட நாட்டுக்கு நான் ரொரன்ரோவில் இருந்து ரப்பர் அனுப்பவேண்டியிருக்கிறது 😂

சின்ன மாமா: மச்சான், பழைய ஸ்டொக் என்று மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதே. ரப்பர் பெட்டிக்குள் இருந்தாலும் வயது போகும். கீழ் மவுண்ட் இரண்டும் புதிதாகவே வேண்டும், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இஞ்சின் சரிந்து நிற்கும்.

கனடா சித்தப்பா: மேல் மவுண்ட்?

சின்ன மாமா: கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வார்ப்போம். இரண்டு கலவையாக வருகிற பொலியூரித்தேன், ‘ஷோர் ஏ’ அளவில் 60 அளவான கடினம். கார் ரயரின் மேல்ரப்பர் அந்த அளவுதான். 90 எடுத்தால் உறுதி என்று சிலர் சொல்வார்கள், நான் கேட்கமாட்டேன். அது கல்லுமாதிரி, நடுக்கத்தைக் குடிக்காது. நல்ல ரப்பர் கிடைக்கும்வரை யூரித்தேன் இரண்டாந்தரம்தான், ஆனால் ஒயிலுக்குத் தாங்கும்.

அத்தான்: எப்படி வார்ப்பது?

சின்ன மாமா: முதலில் பழைய ரப்பரின் உயரத்தையும் துளையின் நடுவையும் நான்கு பக்கத்தாலும் அளந்து எழுதிவை. வெட்டிய பிறகு அளக்க ஒன்றும் இருக்காது. ரப்பரை எரிக்காதே, புகை நல்லதில்லை. கத்தியால் வெட்டி, தகட்டை மணல் அடித்து வெள்ளையாக எடுத்து, அசிட்டோனால் துடைத்து, அந்த யூரித்தேனுக்கு உரிய பிரைமர் பூசவேண்டும். கைபட்ட இடத்தில் ஒட்டாது. அளவான பிவிசி குழாய்த் துண்டுதான் அச்சு. குழாயின் உட்பக்கத்துக்கு மட்டும் மெழுகு, தகட்டில் ஒரு பொட்டும் படக்கூடாது.

சின்ன மாமா: இரண்டு கலவையையும் தராசில் நிறுத்து, மெதுவாகக் கலக்கி, ஒரு மூலையால் நூல்போல ஊற்று. ஈரம் பட்டால் நுரைத்துவிடும். வாடை மழை பெய்கிற நாளில் தொடவே கூடாது, நல்ல வெயில் நாள் பார். அடுத்த நாள் அச்சைக் கழற்றலாம், பாரம் ஏற்ற ஒரு கிழமை விடு.

அம்மா: எந்தத் தராசு?

அக்கா: அம்மா, மா நிறுக்கிற தராசை ஒளித்து வையுங்கோ.

சின்ன மாமா: கடையில் புதிதாக வாங்குவோம் அக்கா. அந்த மணமே வீட்டுக்குள் வரக்கூடாது. வெளியில், கையுறையும் வாயுக்கு உரிய முகமூடியும் போட்டுத்தான்.

நான்: மாமா, கீழ் மவுண்ட் மூடியின் ஒரு போல்ட் அசையவில்லை.

சின்ன மாமா: குழாய் போட்டு இழுக்காதே, முறிந்தால் துளைக்கத்தான் வேண்டும். ஊடுருவுகிற ஒயில் விட்டு இரவு முழுக்க விடு. பிறகு பெற்றோல் ராங்கைத் தூரத்தில் வைத்துவிட்டுச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கு. இரும்பை விட அலுமினியம் கூட விரியும், பிடி விடும். திரும்பப் பூட்டும்போது மரைக்கு மரீன் கிரீஸ்.

நான்: மவுண்டுக்குப் பக்கத்தில் மெல்லிய கறுப்பு வயர் ஒன்று அறுந்து தொங்குகிறது. வெட்டிவிடவா?

சின்ன மாமா: ஐயோ, வெட்டாதே! ரப்பருக்குள்ளால் மின்சாரம் போகாது. இஞ்சினின் காலில் இருக்கிற சிங்க் கட்டி உப்புத்தண்ணீர் அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ளும். அது பிராக்கெட்டையும் காப்பாற்ற வேண்டுமென்றால் அந்த வயர் இரண்டையும் இணைக்கவேண்டும். நாலு போல்ட்டை விட அதுதான் எல்லோரும் மறப்பது. புது முனை வைத்துப் பூட்டுவோம்.

அத்தான்: சனிக்கிழமை கழற்றலாமா மாமா? பங்குனிக்குள் கடலில் இறக்கவேண்டும்.

சின்ன மாமா: சரி. செயின் புளொக் கொண்டு வாறேன், இஞ்சினை மேலே தூக்கிப் பிடித்தபடிதான் மவுண்டைக் கழற்றவேண்டும். வேப்பமரக் கொப்பில் கட்டாமல் இரும்புச் சட்டம் ஒன்று பார்த்து வை.

கனடா சித்தப்பா: மாடல் நம்பர் இன்னும் வரவில்லை.

நான்: தகட்டில் பெயின்ற் அடித்திருக்கிறார்கள் சித்தப்பா. சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.