முட்டிக் காயங்களைத் தவிர்க்க வழிகாட்டி உதவுங்கள்

வணக்கம். சுங்கை சிப்புட்டில், வேலை முடிந்து தோட்டத் திடலில் பந்து விளையாடும் எங்கள் குழுவில், 40 வயதைக் கடந்த மூவருக்கு முட்டி வலி தொடர்கிறது. சென்ற வாரம், பந்தை எடுக்கத் திரும்பிய ஒருவரின் பாதம் சேற்றில் ஊன்றியபடியே இருக்க, முட்டி மட்டும் உள்நோக்கி மடங்கி, அன்றிரவே வீங்கிவிட்டது. அவர் சிகிச்சையில் இருக்கிறார். மற்றவர்களைக் காப்பதே இப்போது என் கவலை.

கால்பந்துக் காயங்களைத் தடுக்க ஃபிஃபா வகுத்த ‘லெவன் பிளஸ்’ என்ற ஆயத்தப் பயிற்சியில் மெதுவோட்டம், தொடைத்தசை வலுவூட்டல், சமநிலை, குதித்து இறங்கும் முறை ஆகியவை அடங்கியுள்ளன. சுமார் 20 நிமிடங்கள் எடுக்கும் அதை வாரம் இருமுறையாவது செய்ய வேண்டும். நாள் முழுதும் செம்பனைக் குலை வெட்டிக் களைத்து வருவோருக்கு அதை எப்படிப் பழக்குவது? இறங்கும்போது முட்டி உள்ளே சாயாதிருக்க நேரில் கற்றுத்தரும் பிசியோதெரபி நிபுணர் ஈப்போ வட்டாரத்தில் இருந்தால், தயவுசெய்து தெரிவியுங்கள். ஞாயிறு காலை என்றால் அனைவரும் வந்துவிடுவோம்.