மறு: பைண்ட்டுக்குத் தமிழ்: 'பிணைத்தல்' வேண்டாமே

வணக்கம் நண்பர்களே,

ஊரில் ஒரு கல்யாணம், அதனால் ஒரு வாரம் இந்தப் பக்கம் வரவில்லை. திரும்பி வந்து பார்த்தால் எல்டாப் (LDAP, பயனர் விவரங்களை வைத்திருக்கும் டைரக்டரியிடம் கேட்டுப் பெறுவதற்கான நெறிமுறை) சொற்களுக்கான நம் தமிழ்ப் பட்டியல் பாதிக்கு மேல் முடிந்திருக்கிறது. பெரும்பாலான சொற்களில் எனக்கு மறுப்பு இல்லை. முக்கியமாக ஒன்றில் சண்டை போடத்தான் வந்திருக்கிறேன்.

> பைண்ட் = பிணைத்தல். மாறி, தரவு எல்லாவற்றுக்கும் இதுதான் புழக்கத்தில் இருக்கிறது. இங்கேயும் இதையே வைத்துக்கொள்ளலாம்.

அங்கெல்லாம் புழங்குவதால்தான் இங்கே வேண்டாம் என்கிறேன். மாறியைப் பிணைத்தால் அது ஒரு மதிப்போடு ஒட்டிக்கொள்கிறது. சாக்கெட்டைப் பிணைத்தால் அது ஒரு போர்ட்டோடு ஒட்டிக்கொள்கிறது. எல்டாப்பில் எதுவும் எதோடும் ஒட்டுவதில்லை. 389ஆம் போர்ட்டில் இணைப்பு ஏற்கெனவே திறந்திருக்கிறது. அந்த இணைப்பில் போய் "நான் இன்னார், இதோ என் கடவுச்சொல்" என்று சொல்வதற்குப் பெயர்தான் பைண்ட். அதே இணைப்பிலேயே மறுபடி பைண்ட் செய்து வேறு ஆளாகவும் மாறிக்கொள்ளலாம். 1988இல் வந்த எக்ஸ்.500 என்ற டைரக்டரித் தரத்தில் இருந்த பெயர் இது. 1993இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அதைச் சுருக்கி எல்டாப் ஆக்கியபோது பெயரும் கூடவே வந்துவிட்டது. ஆங்கிலத்திலேயே பொருந்தாத பெயரை நாம் எதற்கு மெனக்கெட்டு மொழிபெயர்க்க வேண்டும்?

அப்படியானால் 'புகுபதிகை' (லாகின்) போதாதா என்று சேலத்து ஐயா கேட்டிருந்தார். போதாது ஐயா. 1997இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து பைண்ட் செய்யாமலே தேடலாம். அப்படி வருபவரை வழங்கி (சர்வர்) பெயர் தெரியாதவராக வைத்துக்கொண்டு, அவருக்குக் காட்டக்கூடியதை மட்டும் காட்டும். புகாமலே உள்ளே இருப்பவரைப் புகுபதிகை என்ற சொல்லால் எப்படிச் சொல்வது?

என் பரிந்துரை: ஆளுரைத்தல். ஏவலாக வரும்போது 'ஆளுரை'.

முதலில் கேட்கும்போது நாடக வசனம் மாதிரி இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். நான் பட்ட பாட்டைச் சொன்னால் ஏன் பிடிவாதம் பிடிக்கிறேன் என்று புரியும். பல வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரி நூலகத்துக்கு நிரல் எழுதிக் கொடுத்தேன். மாணவர் தன் எண்ணையும் கடவுச்சொல்லையும் தருவார். நிரல் அவற்றை வைத்து பைண்ட் செய்யும். வழங்கியிடமிருந்து 0 வந்தால் உள்ளே விடும், 49 வந்தால் 'கடவுச்சொல் தவறு' என்று சொல்லும். ஒரு மாதம் நன்றாகவே ஓடியது. அப்புறம் ஒரு பையன் முதல்வரின் எண்ணைப் போட்டு, கடவுச்சொல் கட்டத்தைக் காலியாக விட்டு எண்டர் தட்டியிருக்கிறான். 0 வந்தது. முதல்வராகவே உள்ளே போய், நண்பர்கள் எல்லோருடைய அபராதத்தையும் தள்ளுபடி செய்துவிட்டான்.

வழங்கி பழுதாகவில்லை. பெயரைச் சொல்லிவிட்டுக் கடவுச்சொல்லை வெறுமையாக விட்டால், அதையும் ஒரு வகை பைண்ட் என்றே நெறிமுறை வைத்திருக்கிறது. வழங்கி "சரி, இருந்துகொள்" என்று 0 சொல்லும். ஆனால் உங்களைப் பெயர் தெரியாதவராகத்தான் நடத்தும். எல்டாப்பின் விதிகளைச் சொல்லும் ஆவணங்களில் ஒன்றான ஆர்எஃப்சி 4513 இதைப் பற்றி எச்சரிக்கிறது: வழங்கிகள் இயல்பாக இதை மறுத்து 53 என்ற விடையைத் தர வேண்டும், நிரல்கள் காலிக் கடவுச்சொல்லை வாங்கவே கூடாது. நான் அதைப் படித்திருக்கவில்லை. என் மண்டையில் இருந்ததெல்லாம் 'பிணைப்பு வெற்றி' மட்டும்தான். பிணைந்துவிட்டது, அப்புறம் என்ன சந்தேகம்?

இப்போது மூன்று வகையையும் புதுச் சொல்லில் பாருங்கள். ஆரென்று சொல்லாமல் வருவது ஆளுரையா இணைப்பு. பெயரும் கடவுச்சொல்லும் தருவது சான்றுடை ஆளுரை. பெயர் மட்டும் தந்து கடவுச்சொல்லைக் காலியாக விடுவது சான்றிலா ஆளுரை. அந்த மூன்றாவது சொல்லைப் பார்த்த பிறகும் 0 வந்தது என்று கதவைத் திறந்துவிட எனக்குத் துணிவு வந்திருக்காது. ஆளை உரைத்தது மட்டும்தான் நடந்தது, யாரும் சரிபார்க்கவில்லை என்று சொல்லே காட்டிக்கொடுக்கிறது.

மற்றவை சுருக்கமாக.

> டைரக்டரி = அடைவு. ஆனால் கோப்பு அடைவோடு குழம்புமே?

குழம்பும்தான். ஆனால் நூல்களின் கடைசிப் பக்கங்களில் வரும் சொல்லடைவை நினைத்துப் பாருங்கள். 'அடைவு' அங்கேதான் சொந்த வீட்டில் இருக்கிறது; கோப்புக்கு அது பிற்பாடு போனது. எனவே பெயரடைவு என்று கூட்டுச்சொல்லாக வைத்தால் குழப்பமும் தீரும், பழைய பொருளும் மீளும்.

> டிஎன் = சிறப்புப் பெயர்

இது தவறு. டிஎன் (டிஸ்டிங்குவிஷ்டு நேம்) என்பது டைரக்டரியில் ஒரு பதிவின் முழுப் பெயர்; அதில் சிறப்பு ஒன்றும் இல்லை. ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். 'யுஐடி=கயல்,ஓயு=நூலகம்,டிசி=கல்லூரி,டிசி=இன்' என்ற வரியைப் பாருங்கள். யுஐடி ஆளின் அடையாளம், ஓயு பிரிவு, டிசி தளப்பெயரின் துண்டு. பதிவுகள் ஒரு மரம் போல அடுக்கப்பட்டிருப்பதால், இடமிருந்து வலமாகப் படித்தால் இலையில் தொடங்கி வேருக்குப் போகிறோம். கிரயப் பத்திரத்தில் இதற்கு நேர்மாறு: மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் என்று பெரிதிலிருந்து சிறிதுக்கு இறங்குவோம். வேடிக்கை என்னவென்றால், வலையில் அனுப்பும்போதும் எல்டாப் டிஎன்னை இதே எழுத்து வரியாகத்தான் அனுப்புகிறது, ஆனால் எக்ஸ்.500இன் மூல அமைப்பில் வரிசை பத்திரம் மாதிரி வேரிலிருந்துதான் தொடங்கும். மனிதர் படிக்க எழுதும்போது எல்டாப் அதைத் திருப்பிப் போட்டது. தமிழ்ப் பத்திரம் படித்துப் பழகிய புதியவர்கள் அடிக்கடி தலைகீழாக எழுதி, 32 என்ற 'அப்படி ஒன்றும் இல்லை' விடையை வாங்கிக்கொண்டு நிற்பார்கள். அதனால் டிஎன்னுக்கு வேர்வரைப் பெயர், அதன் முதல் துண்டுக்குக் கிளைப்பெயர் என்று வைக்கலாம். ஒரே கிளையில் இரண்டு கயல் இருக்க முடியாது. வேறு கிளையில் இன்னொரு கயல் தாராளமாக இருக்கலாம்.

ஒரு பதிவை மட்டுமா, அதன் நேர்ப் பிள்ளைகளையா, அதோடு கீழுள்ள எல்லாவற்றையுமா தேடுவது என்ற தேடல் வீச்சு மூன்றுக்கும் நீங்கள் போட்ட சொற்கள் சரி. வகுப்பில் நான் இதைக் கல்யாண அழைப்பு மாதிரி சொல்வேன்: முதலாவதில் தாங்கள் மட்டும், மூன்றாவதில் சுற்றம் முழுவதோடு. நடுவில் இருப்பதுதான் வம்பு: "பிள்ளைகளை மட்டும் அனுப்புங்கள், நீங்கள் வர வேண்டாம்."

வேறு வழங்கியைப் போய்ப் பார் என்று சொல்லி அனுப்பும் ரெஃபரலுக்குக் கைகாட்டி. சாலையோரத்தில் ஏற்கெனவே நிற்கும் சொல்தான்.

கடைசியாக அன்பைண்ட். 'பிணைப்பு நீக்கம்' என்று போட்டிருக்கிறீர்கள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், இது பைண்டின் எதிர்ச்செயல் இல்லை என்று ஆர்எஃப்சி 4511 வெளிப்படையாகவே சொல்கிறது. ஆளுரைத்ததை அது திரும்பப் பெறுவதில்லை, இணைப்பையே முடித்துவிடுகிறது. கோவைத் தோழி 'விடைபெறல்' என்று முன்மொழிந்திருந்தார். அழகான சொல், நானும் கை தூக்கியிருப்பேன். ஆனால் அன்பைண்ட்டுக்கு வழங்கி எந்த விடையும் அனுப்புவதில்லை; நாம் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். விடையே தராத இடத்தில் எதைப் பெறுவது? அதற்கு கிளம்பல் என்று போடுகிறேன். இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்றுதான் பட்டியலைப் பூட்டப் போகிறார்கள்.