மீன்பிடிக்கத் தடை போட்டா கெல்ப் காடு தப்புமா? (பேசுறவங்களை ஊர்ப் பேரால் குறிச்சிருக்கு)

காட்பாடி: 2014–16 கடல் வெப்ப அலைக்கு அப்புறம் வடக்கு கலிபோர்னியாவில் 90 சதவீதத்துக்கு மேல் கெல்ப் (கடலடியில் காடு மாதிரி வளர்ற பெரிய பாசி) போயிடுச்சு. கடல் சூட்டை எந்தத் தடையும் நிறுத்தாதே? அப்போ மீன்பிடிக்கத் தடை போட்டுப் பாதுகாக்கப்பட்ட பகுதியால் என்ன பலன்?

சத்துவாச்சாரி: சூட்டை நிறுத்தாது சார், மேய்ச்சலை நிறுத்தும். ஜவ்வாது மலையில் வெட்டின இடத்தில் ஆடு புகுந்தா துளிர் தங்குமா? கடலில் அந்த ஆடு வேலையைச் செய்றது கடல் முள்ளெலி, கெல்ப்பை மேயுற முள் உருண்டை மாதிரி உயிரி. தெற்கு கலிபோர்னியாவில் அதைத் தின்ன சிங்கி இறாலும் ஷீப்ஹெட் மீனும் இருக்கு. பிடிக்காம விட்டா அது ரெண்டும் பெருசாகும். பெரிய முள்ளெலி ஓட்டை உடைக்கப் பெரிய சிங்கிதான் வேணும், குட்டியால் ஆகாது. அதனால் பாதித் தடை, சீசன் தடை எல்லாம் போதாது. முழுத் தடைதான் சரி.

குடியாத்தம்: ஒரு திருத்தம். வடக்கில் முள்ளெலியைத் தின்னு அந்தக் காவல் வேலையைச் செய்தது சூரியகாந்தி நட்சத்திர மீன். 2013ல் தொடங்கின நோயில் அது அழிஞ்சது. யாரும் பிடிச்சுத் தீர்க்கலை, அதனால் தடை போட்டும் திரும்பாது. அங்கே டைவர்கள் இறங்கி முள்ளெலியைச் சதுர மீட்டருக்கு 2 என்ற அளவுக்குக் குறைக்கணும். பாதியில் விட்டா வீண். பட்டினியிலும் அது வருஷக்கணக்கில் உயிரோட கிடக்கும், புதுத் துளிர் வந்ததும் மேஞ்சிடும்.

காட்பாடி: எவ்வளவு காலம் பிடிக்கும்?

சத்துவாச்சாரி: நியூசிலாந்தின் லீ பகுதியில் 1975ல் தடை. முள்ளெலியைத் தின்ற ஸ்னாப்பர் மீனும் சிங்கியும் பெருகி, மொட்டைப் பாறையில் கெல்ப் மூட 20 வருஷம் போல ஆச்சு.