பெட்டைகளின் முதுகுக்குத் துணியா, சேவலுக்குத் தனி அடைப்பா?

பாகூர்த் தாய்க்கோழி:
எங்கள் கொல்லையில் சிறிய உடல்வாகு கொண்ட சிறுவிடை நாட்டுக்கோழி வகையில் ஆறு பெட்டைகளும், பெரிய உடல்வாகு கொண்ட பெருவிடை வகையில் ஒரு சேவலும் இருக்கின்றன. சேவல் இணைசேர முதுகில் ஏறி ஓயாமல் மிதிப்பதால் பெட்டைகளுக்கு முதுகு இறகு கொட்டிவிட்டது. செவலைப் பெட்டை மட்டும் தீனிக்கு வராமல் வேலி ஓரம் ஒதுங்கி நின்றது. தூக்கி இறக்கையை விரித்துப் பார்த்தபோது, கால் முள் கிழித்து விலாப்புறத்தில் சதை தெரிந்தது. இறக்கை மூடியிருந்தவரை காயம் கண்ணில் படவே இல்லை. மருத்துவர் தையல் போட்டுவிட்டார். தடித்த பருத்தித் துணியில் முதுகுறை தைத்து, இறக்கைகளுக்கு அடியில் எலாஸ்டிக் கொடுத்து எல்லாப் பெட்டைகளுக்கும் மாட்டிவிடலாம் என்று எண்ணுகிறேன். சேவலை விற்க மனமில்லை. அனுபவமுள்ளவர்கள் கருத்துக் கூற வேண்டுகிறேன்.

நெல்லிக்குப்பம் கரும்புக்காடு:
துணி வேண்டாம், அம்மா. கடற்காற்றின் புழுக்கமும் அக்னி நட்சத்திர வெயிலும் சேரும் நம் பகுதியில், கோழி வாயைத் திறந்து மூச்சிரைத்தும் இறக்கைகளை உடலிலிருந்து விலக்கியும்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அந்த இறக்கையையே எலாஸ்டிக்கால் பிடித்து வைப்பது எப்படிச் சரியாகும்? துணிக்கு அடியில் செள்ளும் பேனும் அடையும். மேலும், சேவல் அலகால் கவ்வுகிற பிடரியையும் கொண்டையையும் முதுகுறை மறைக்காது. பெட்டை முட்டையிடச் சேவல் தேவையே இல்லை என்பதால், சேவலைத் தனியே அடைப்பதே நேர்வழி.

வில்லியனூர் மருதம்:
இருவர் கருத்தையும் நான் ஏற்கவில்லை. நான்கு கிலோவைத் தொடுகிற பெருவிடைச் சேவலை, ஒன்றரைக் கிலோகூடத் தேறாத சிறுவிடைப் பெட்டைகளோடு விட்டதுதான் முதற்கோளாறு. ஒரு சேவலுக்கு எட்டு முதல் பத்துப் பெட்டைகள் இருக்க வேண்டும் என்பது வழக்கம், ஆறு போதாது. சேவலை அடைத்துவிட்டால் பருந்து வட்டமிடும்போது குரல் கொடுத்துக் கூட்டத்தை மறைவுக்கு விரட்டுவது யார்? முள்ளை மழுக்கினாலே பாதித் தொல்லை தீரும். இரவில் அடைந்தபின் சேவலைப் பழந்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, நுனியை மட்டும் அரத்தால் தேய்த்து உருண்டையாக்க வேண்டும். முள்ளுக்குள் எலும்பும் இரத்த ஓட்டமும் உண்டு. அவசரப்பட்டு அடியோடு நறுக்கினால் இரத்தம் பீறிடும்.

முந்திரித்தோப்பு:
இத்தனை ஆராய்ச்சி எதற்கு? மிளகு தூக்கலாகப் போட்டு ஒரு குழம்பு வைத்தால் விவாதம் முடிந்தது.

பாகூர்த் தாய்க்கோழி:
ஐயா, அடுத்த அடைக்குக் குஞ்சு வேண்டும் என்பதால்தான் இவ்வளவு கேட்கிறேன்.

நெல்லிக்குப்பம் கரும்புக்காடு:
குஞ்சு வேண்டும் என்றாலும் சேவல் நாள் முழுவதும் உடனிருக்க வேண்டியதில்லை. ஒருமுறை சேர்ந்தபின் பெட்டை தன் கருக்குழாயில் விந்தைச் சேமித்து வைத்துக்கொள்வதால், ஏறத்தாழ பத்து முதல் பதினான்கு நாள்வரை கருவுற்ற முட்டைகள் கிடைக்கும். வாரத்தில் இரண்டு மாலைகள் விட்டால் அடை முட்டைக்குப் போதும். பெட்டைகள் பெரும்பாலும் காலையிலும் முற்பகலிலும் முட்டையிட்டு முடிப்பதால், ஓடு கட்டிய முட்டை வழியை அடைத்து நிற்காத மாலை வேளையே இதற்கு ஏற்றது. பெட்டைகளின் எண்ணிக்கையை உயர்த்தச் சொல்லும் மருதம் ஐயாவுக்கும் ஒன்று: பத்து இருந்தாலும், எது எளிதில் பணிந்து உட்காருகிறதோ அதையேதான் சேவல் மீண்டும் மீண்டும் தேடிப் போகும். செவலைக்கு மட்டும் இவ்வளவு பெரிய காயம் ஏன் என்று யோசியுங்கள். பருந்து பற்றிய கவலைக்கும் விடை உண்டு. மேய்ச்சல் இடத்தின் நடுவிலேயே கம்பிவலை அடைப்பில் நிழல் போட்டு வைத்தால், உள்ளிருந்தபடியே அது எச்சரிக்கும்.

வில்லியனூர் மருதம்:
வலைக்குள் இருந்து குரல் கொடுக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடைத்து வைத்துத் திறந்துவிடும் சேவல், இறக்கையைத் தாழ்த்தி வட்டமிட்டு இணங்க வைக்கும் பொறுமையை இழந்து நேராகப் பாய்கிறது. எங்கள் தெருவில் அப்படித்தான் ஒரு விடைக்கோழிக்குப் பிடரித் தோல் உரிந்தது. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நெல்லிக்குப்பம் கரும்புக்காடு:
அது இளஞ்சேவலாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். முதிர்ந்த சேவலிடம் அந்தப் பதற்றம் குறைவு. எதற்கும் திறந்துவிடும் நாள்களில் அரிசியும் கீரையும் நான்கு இடங்களில் தூவி, பெட்டைகள் ஓடி ஒளியப் பலகை சாய்த்து வைத்து, அருகிலேயே நின்று கவனிக்க வேண்டும். பாய்ச்சல் கண்டால் உடனே அடைத்துவிட வேண்டும். முள்ளை மழுக்கும் யோசனையை நான் மறுக்கவில்லை. அடைப்போடு சேர்த்து அதையும் செய்யலாம்.

பாகூர்த் தாய்க்கோழி:
முள்ளை இன்றிரவே மழுக்கிவிடுகிறேன். அடைப்புக்கு வலையும் வாங்கிவிடுகிறேன். ஆனால் முதுகுறையை முற்றிலும் கைவிட எனக்குத் துணிவில்லை. முறிந்த இறகின் அடித்தண்டு தோலில் நிற்கும்வரை புது இறகு முளைக்காது, அடுத்த இறகுதிர்ப்புவரை வெறும் முதுகுதான் என்று மருத்துவர் கூறினார். ஆகவே, சேவலைத் திறந்துவிடும் மாலைகளில் மட்டும் மாட்டி, அடைந்ததும் கழற்றிவிடுவேன்.

நெல்லிக்குப்பம் கரும்புக்காடு:
அந்த அளவுக்கு என்றால் எனக்கு மறுப்பில்லை. கழற்றும்போது துணியை வெந்நீரில் அலசி வெயிலில் காய வையுங்கள். செவலையை மட்டும் இப்போது எந்தக் கூட்டத்திலும் விடாதீர்கள். சிவந்த சதையைக் கண்டால் மற்றப் பெட்டைகளே கொத்திக் குடைந்துவிடும். பஞ்சாரத்தில் தனியே கவிழ்த்து, ஈ மொய்க்காமல் மேலே கொசுவலை போட்டு, தையல் இடத்தை மருத்துவர் கொடுத்த மருந்தால் துடைத்து, புழு வைத்திருக்கிறதா என்று காலையும் மாலையும் இறக்கையைத் தூக்கிப் பாருங்கள்.