.30-06 போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கி: எடையை எங்கிருந்து குறைப்பது?

செங்குத்துச்சரிவு:
வணக்கம். நியூசிலாந்து தெற்குத் தீவில் இருக்கிறேன். மே மாதக் கடைசியில் தார் என்ற மலையாட்டு வேட்டைக்கு மேலே ஏறுகிறோம். ஆற்றுப்படுகையில் கூடாரம், அங்கிருந்து காலையில் ஆயிரம் மீட்டர் ஏற்றம். கையில் இருப்பது பழைய ரெமிங்டன் 700 பிடிஎல், .30-06 தோட்டா போடுவது, 22 அங்குலக் குழல், வால்நட் கட்டை (தோளில் அணைத்துப் பிடிக்கும் பகுதி). நேற்று எல்லாவற்றையும் கழற்றிச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். துப்பாக்கி மட்டும் 3250 கிராம் (அதில் கட்டை 1050), 4-16x50 ஸ்கோப் 680, அதைப் பிடிக்கும் ஸ்டீல் பேஸும் ரிங்கும் 210, சைலன்சர் 420, பைபாட் (குழலுக்கு முட்டுக் கொடுக்கும் இரண்டு கால்) 370, தோள்வார் 120, நாலு தோட்டா 105. ஆக மொத்தம் ஐந்து கிலோவுக்கு மேல் போகிறது! ஒரு கிலோவாவது குறைய வேண்டும். இங்கே ஒரு கன்ஸ்மித் குழலை 20 அங்குலமாக வெட்டி, மிச்சத்தில் எடை குறைய நீளவாக்கில் காடி (பள்ளம்) போட்டுத் தருகிறேன் என்கிறார். செய்யலாமா?

பழையகுழல்:
வேண்டாம் தம்பி. கணக்குப் போட்டுப் பாருங்கள். முனைப் பக்கம் குழலின் வெளிவிட்டம் சுமார் 15 மி.மீ., உள்ளே துளை 7.8 மி.மீ. இரண்டு அங்குலம் வெட்டினால் கீழே விழும் இரும்பு சுமார் 50 கிராம்தான், அதாவது இரண்டு தோட்டா எடை. அதற்காக அங்குலத்துக்கு வினாடிக்கு 20, 25 அடி வீதம் குண்டின் வேகத்தை இழப்பீர்கள், சத்தமும் கூடும், வாய்முனையைத் திரும்பச் சீராகக் கடைந்து எடுக்க வேண்டும், அது கோணினால் குறி சிதறும். காடி போடுவது தடித்த குழலுக்குச் சரி. உங்களுடையது ஏற்கெனவே ஒல்லி, அதில் சுரண்டி என்ன மிஞ்சப்போகிறது? குழலை வெட்ட ஒரே நல்ல காரணம் நீளம்தான். சைலன்சரும் மாட்டினால் 22 அங்குலக் குழல் புதருக்குள் மூங்கில் கழி மாதிரி இடிக்கும். அது தொந்தரவாக இருந்தால் வெட்டுங்கள், எடைக்காக வெட்டாதீர்கள்.

முதலில் பைபாட்டைக் கழற்றி வீட்டில் வையுங்கள். மலையில் முதுகுப்பையைக் கீழே போட்டு அதன்மேல் குழல் கட்டையைச் சாய்த்துச் சுடுவதுதான் வழக்கம், சரிவான பாறையில் பைபாட்டின் கால் ஒழுங்காக ஊன்றாது. காசு செலவில்லாமல் 370 கிராம் போச்சு.

கார்பன்_பைத்தியம்:
ப்ரோ, உண்மையான எடை ஸ்கோப்பில் இருக்கிறது. தாருக்கு 16 மடங்கு எதற்கு? ஒரு அங்குலக் குழாயுள்ள சாதாரண 3-9x40 எடுத்தால் 350 கிராமுக்குள் முடிந்துவிடும், பாதிக்குப் பாதி. ரிங்கும் பேஸும் ஒரே துண்டாக வரும் அலுமினியம் 80 கிராம் அளவில் கிடைக்கிறது. இரண்டையும் சேர்த்தால் சுமார் 460 கிராம், அதுவும் துப்பாக்கியின் உச்சந்தலையிலிருந்து. தோளில் தொங்கும்போது கவிழ்ந்து கவிழ்ந்து புரளும் தொல்லையும் குறையும்.

அப்புறம் கட்டை. கார்பன் ஃபைபரில் 600, 650 கிராமில் வருகிறது, 400 கிராம் லாபம். விலைதான் கசக்கும். இது புது வித்தையெல்லாம் இல்லை, மேற்கு வர்ஜீனியாவில் மெல்வின் ஃபோர்ப்ஸ் என்பவர் 1980-களிலேயே கெவ்லரும் கிராஃபைட்டும் கலந்து அரை கிலோ அளவில் கட்டை செய்து, ஸ்கோப் இல்லாமல் இரண்டரைக் கிலோவுக்குள் முழுத் துப்பாக்கியே விற்றார்.

மரவேலை:
கார்பனுக்குக் கொடுக்கக் காசில்லையென்றால் ஒரு வழி. பின்பக்க ரப்பர் பேடைக் கழற்றிவிட்டு, கட்டைக்குள் 25 மி.மீ. துரப்பணத்தால் 15 செ.மீ. ஆழத்துக்கு இரண்டு துளை போடுங்கள். வால்நட் லேசான மரம், அதனால் 100 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் போகும், ஆனால் வெளியே எதுவும் தெரியாது. முன்பக்கக் குழல் பள்ளத்தையும் கொஞ்சம் குடையலாம். பிடி கழுத்திலும், உதையைத் தாங்கும் லக் உட்காரும் இடத்திலும் மட்டும் உளி படக் கூடாது, அங்கேதான் மரம் பிளக்கும். பின்பக்கம் மட்டும் குடைந்தால் முன்பக்கம் கனமாகத் தோன்றும். சிலருக்கு அது பிடிக்கும்.

மதுரைக்காரன்:
தலைப்புக்கு வெளியே கேட்கிறேன், மன்னிக்கவும். தார் என்றால் நம்ம வரையாடுதானே? அதைச் சுடுகிறீர்களா?

பழையகுழல்:
நம்ம வரையாடு நீலகிரி இனம், அதன் பக்கம் யாரும் போவதில்லை, போகவும் கூடாது. இது இமயமலை இனம். 1904-ல் மவுண்ட் குக் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். வேட்டையாடித் தின்ன இங்கே ஒரு மிருகமும் இல்லாததால் பெருகி, மலைப்புல்லை மொட்டையடித்துவிட்டது. மொத்தம் பத்தாயிரத்துக்கு மேல் போகக் கூடாது என்று 1993-லேயே அரசு திட்டம் போட்டது.

தோள்வலி:
எல்லாரும் கிராமைப் பற்றியே பேசுகிறீர்கள், உதையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அதே தோட்டாவுக்கு, துப்பாக்கியின் எடை எத்தனை மடங்கு குறைகிறதோ அத்தனை மடங்கு உதையின் ஆற்றல் கூடும். 5.15 கிலோவை 3.9 ஆக்கினால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகம். .30-06 ஏற்கெனவே சாது இல்லை. 180 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டு போட்டுச் சுடுகிறவராக இருந்தால் 150-க்கு மாறுங்கள், தாருக்கு அது தாராளம். சைலன்சரைக் கழற்றாதீர்கள். 420 கிராம் என்று கண்ணை உறுத்தும், ஆனால் உதையில் கணிசமான பங்கை அதுதான் வாங்கிக்கொள்கிறது, காதும் பிழைக்கும்.

இன்னொன்று. ஏறி முடித்து மூச்சு வாங்கும்போது லேசான துப்பாக்கி கையில் ஆடும். கனமானது தானாகப் படிந்து நிற்கும். கிலோக்கணக்கில் குறைத்துவிட்டு 300 மீட்டரில் தவறவிட்ட ஆட்களைப் பார்த்திருக்கிறேன். நாலு கிலோவுக்குக் கீழே இறங்காதீர்கள் என்பது என் கருத்து, ஒத்துக்கொள்ளாதவர்கள் திட்டலாம்.

கார்பன்_பைத்தியம்:
திட்டவில்லை, ஆனால் ஒத்துக்கொள்ளவும் இல்லை :) படுத்துக்கொண்டு பைமேல் வைத்துச் சுடும்போது ஆட்டம் எங்கிருந்து வரும்? நின்றுகொண்டு சுடுகிறவருக்கு நீங்கள் சொல்வது சரி.

செங்குத்துச்சரிவு:
எல்லாருக்கும் நன்றி. குழல் பிழைத்தது. பைபாட் வீட்டில், ஸ்கோப்பும் ரிங்கும் மாற்றம், அவ்வளவுதான் இந்த வருடம். 830 கிராம் போகிறது, 4.3 கிலோ வரும். ஒரு கிலோ ஆகவில்லைதான், பரவாயில்லை. கார்பன் கட்டை அடுத்த வருடம், மனைவியிடம் விலையைச் சொல்லத் தைரியம் வந்தால். ட்ரிகர் கார்டையும் அடித்தட்டையும் அலுமினியமாக மாற்றினால் ஏதாவது கிடைக்குமா?

பழையகுழல்:
காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அது ஏற்கெனவே அலுமினியம், பிடிஎல்-லில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அலுமினிய ரிங் திருகுகளை இஞ்ச்-பவுண்டு அளவுள்ள டார்க் (முறுக்குவிசை) ஸ்க்ரூடிரைவரால் முடுக்குங்கள், கை வலுவைக் காட்டினால் மரை போய்விடும். புது ஸ்கோப் மாட்டியதும் குறியை மறுபடி சரிபார்க்க வேண்டும். அதை ஆற்றுப்படுகைக்குப் போய்ச் செய்யாமல், ஊரில் ரேஞ்சிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.