உலகத்தையே புரட்டிப்போடும் கருவியை வைத்து கேம்பெய்ன் நடத்தியவர்களே, உங்கள் மேசையில் என்ன நடந்தது?

பூஜ்யம்செஷன் (திரியைத் தொடங்கியவர்)

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் ரோல்-பிளே ஆட்டத்தில் ஒரு கேம்பெய்ன் (பல செஷன்களுக்கு, அதாவது பல கூட்டங்களுக்கு, நீளும் தொடர்கதை) ஆரம்பித்து நாலாவது செஷனில் கவிழ்ந்தேன். மறுபடி ஒன்று ஆரம்பிக்கப் போகிறேன். அதற்குள் உங்கள் கதைகளையும் கேட்டுவிடலாம் என்றுதான் இந்தத் திரி. முதலில் என் கதை.

டிராவலர் என்ற விண்வெளி ஆட்டத்தை ஆடியவர்களுக்குத் தெரியும். 1977-இல் மார்க் மில்லர் எழுதியது. பாத்திரத்தை உருவாக்கும்போதே பாத்திரம் செத்துப்போகலாம் என்பதற்காகவே பேர் வாங்கிய ஆட்டம். (என் முதல் ஆள் கப்பற்படையில் சேர்ந்த நாலாம் வருஷமே போய்ச் சேர்ந்தான். ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை.) அதில் ஒரு ஜம்ப் (கப்பல் ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது) என்றால் ஒரு பார்செக் (நட்சத்திரங்களுக்கு இடையிலான தூரத்தை அளக்கும் அலகு) போனாலும் ஆறு பார்செக் போனாலும் ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஒளியை முந்தும் வானொலி கிடையாது. அதனால் செய்தியும் கப்பலில்தான் போயாக வேண்டும். தலைநகரில் ராஜா மாறினால் எல்லைக்கு அது தெரியவே மாதக்கணக்காகும்.

அந்த உலகத்தில் நான் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தேன். எத்தனை பார்செக் தள்ளியிருந்தாலும் உடனே பேசலாம். இரண்டு மாதம் உட்கார்ந்து 22 பக்கம் எழுதினேன். பெட்டியின் இயற்பியல், அதைச் செய்த கம்பெனியின் வரலாறு, கண்டுபிடித்தவரின் நாட்குறிப்பு என்று எதையும் விடவில்லை. முதல் செஷனில் பத்து நிமிஷம் வாசித்தேன். சரக்குக் கப்பல் வைத்திருந்த பிளேயர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நிமிஷத்துக்கு எவ்வளவு?" என்றான்.

22 பக்கத்தில் அது இல்லை.

அடுத்தவள், "ஊருக்கு எத்தனை பெட்டி? யார் வீட்டில் இருக்கு?" என்றாள். மூன்றாமவன், "ஒட்டுக் கேட்கலாமா?" எஸ்.டி.டி. பூத் வாசலில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசி வளர்ந்த தலைமுறை, வேறு என்ன கேட்கும்? இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31-இல். கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். அந்த நாளில் நிமிஷத்துக்கு 16 ரூபாய் வரை போனது, வருகிற அழைப்புக்கும் காசு. மறுநாளே மஞ்சள் போர்டு பூத்துகளை யாரும் மூடவில்லை. அதற்குப் பிறகும் பல வருஷம் புதிது புதிதாகத் திறந்துகொண்டுதான் இருந்தார்கள். பழசும் புதுசும் பக்கத்துப் பக்கத்துக் கடையாக இருக்கும் அந்த வருஷங்களில்தான் கதை இருக்கிறது. நானோ முதல் செஷனிலேயே எல்லாக் கிரகத்துக்கும் பெட்டியைக் கொடுத்துவிட்டேன்.

விளைவு நாலாவது செஷனில் தெரிந்தது. பிளேயர்கள் ஒரு கிரகத்தில் சுங்கத்தை ஏமாற்றிவிட்டு ஜம்ப் போட்டார்கள். வழக்கமாக அந்த ஒரு வாரம்தான் அவர்களுடைய சுதந்திரம். இப்போது போய் இறங்கும் இடத்தில் போலீஸ் ஆறு நாளாக நாற்காலி போட்டுக் காத்திருக்கிறது. ஓடவும் முடியாது, பொய் சொல்லவும் முடியாது. சேதி தாமதமாகப் போவதில்தான் அந்த ஆட்டமே நிற்கிறது, அதை நானே பிடுங்கிவிட்டேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. சொந்தச் செலவில் சூனியம்.

நீங்கள் எந்தக் கருவியை எடுத்தீர்கள், எந்தக் கட்டத்தில் கதையைத் தொடங்கினீர்கள், எங்கே உடைந்தது? சொல்லுங்கள்.

சிங்கைக்கிரேன்

உங்கள் பெட்டி பேசும், என் பெட்டி பேசாது. என் தாத்தா சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 1972-இல் தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையம் திறந்தது. அதற்கு முன், அதற்குப் பின் என்று அவர் வாழ்க்கையையே இரண்டாகப் பிரித்துத்தான் பேசுவார். அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்ததால், கருவி என்றாலே எனக்கு லேசர் ஞாபகம் வராது, இரும்புப் பெட்டிதான் வரும்.

என் கேம்பெய்னில் சரக்கை மட்டும் ஒரு நிலவிலிருந்து இன்னொரு நிலவுக்குக் கடத்தும் வாசல். மனிதர்கள் உள்ளே போனால் பிழைக்க மாட்டார்கள் என்று முதலிலேயே அடித்துச் சொல்லிவிட்டேன். மாதிரிக்குக் கொள்கலனின் வரலாற்றை அப்படியே எடுத்துக்கொண்டேன். 1956 ஏப்ரல் 26, ஐடியல் எக்ஸ் என்ற பழைய எண்ணெய்க் கப்பல் 58 பெட்டிகளுடன் நூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. அனுப்பியவர் மால்கம் மெக்லீன், கப்பல்காரர் அல்ல, லாரிக்காரர். மூட்டை மூட்டையாக ஏற்றினால் டன்னுக்கு 5.86 டாலர், பெட்டியில் ஏற்றினால் 16 செண்டுக்கும் குறைவு என்று கணக்குப் போட்டார்கள். இந்த இரண்டு எண்ணை மேசையில் எழுதி வைத்தேன். நான் செய்த தயாரிப்பில் பாதி அதுதான். பிளேயர்கள் அதைப் பார்த்ததும் யாருடைய பிழைப்பு போகும் என்று அவர்களே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆட்களைச் சொல்கிறேன். மூட்டை தூக்கும் கும்பலின் தலைவர் ஒருத்தி, கிடங்கு வைத்திருக்கும் முதலாளி, வாசல் கம்பெனியின் இளம் என்ஜினியர், அப்புறம் பெட்டியை 'தவறிப்போட்டு' உடைத்து உள்ளே இருப்பதைத் தட்டிக்கொண்டு போகும் ஒருவன். இந்தக் கடைசி ஆள்தான் பொக்கிஷம். பூட்டி சீல் வைத்த பெட்டி வந்ததும் அவன் தொழில் முதல் வாரமே படுத்துவிட்டது. ஒரு செஷன் முழுக்கப் புலம்பினான். அடுத்த செஷனில் சரக்குப் பட்டியலைப் பொய்யாகத் தயாரிக்கக் கற்றுக்கொண்டான். முன்பு ஒரு பாட்டில் திருடியவன் இப்போது ஒரு பெட்டியையே காணாமல் போகச் செய்தான். இதை நான் திட்டமிடவில்லை.

அமெரிக்க மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர் சங்கம் 1960-இல் ஒரு ஒப்பந்தம் போட்டது. இயந்திரத்தைத் தடுக்க மாட்டோம், ஆனால் லாபத்தில் எங்களுக்கு ஒரு நிதி வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அதே தாளை என் பிளேயர்கள் முன்னால் வைத்தேன். கையெழுத்துப் போடுவதா வேண்டாமா? மூன்று மணி நேரம் பேசினார்கள், ஒரு பகடைகூட உருளவில்லை. கடைசியில் மூன்றுக்கு ஒன்று என்று போட்டார்கள். போடாதவள் கும்பல் தலைவி. அடுத்த வாரம் அவள் ஆட்களே அவளோடு பேசவில்லை.

தண்ணிலாரி

எங்கள் கதை சின்னது. கல்லூரி விடுதி, ஒன்பது பேர், புதுசாக ஜி.எம். (கதையை நடத்துகிறவர்) ஆனவன் ஆசையில் எல்லோருக்கும் இடுப்பில் கட்டும் டெலிபோர்ட் பெல்ட் கொடுத்தான். நினைத்ததை நினைத்த இடத்துக்கு அனுப்பலாம்.

முதல் சண்டை. வில்லனின் கப்பல் வருகிறது. ஒருவன் ஒரு தண்ணீர் லாரியை, லாரியோடு, வில்லனின் கப்பலுக்குள் அனுப்பினான். முடிந்தது. ஆறு மாதக் கேம்பெய்னின் வில்லன் இருபது நிமிஷத்தில் மூழ்கிச் செத்தான், விண்வெளியில்.

அதற்கப்புறம் ஒவ்வொரு செஷனிலும் "இன்னிக்கு பவர் கட்" என்பான் ஜி.எம். பெல்ட் இருக்கும், வேலை செய்யாது. நாங்களும் விடுவோமா, ஜெனரேட்டர் தேடுவதே கேம்பெய்ன் ஆகிவிட்டது.

இப்போது நான் ஜி.எம். டெலிபோர்ட் உண்டு. ஆனால் இரண்டு முனையிலும் வாசல் மாதிரி ஒரு இரும்புச் சட்டகம் வேண்டும், சார்ஜ் ஏற ஒரு ராத்திரி ஆகும், ஒருமுறை போக ஒரு மாதச் சம்பளம். இந்த மூன்றும் போதும்.

தூங்காநகரம்

பேரைப் பார்த்தாலே ஊர் தெரிந்திருக்கும். அந்தப் பேரை வைத்துத்தான் என் கேம்பெய்னே. தூக்கத்தை இல்லாமல் ஆக்கும் மாத்திரை, தினம் ஒன்று. ராத்திரி இரண்டு மணிக்கும் இட்லி கிடைக்கும் ஊரில் இது வந்தால் என்ன ஆகும்? விண்கலம் இல்லை, வேற்றுக்கிரகம் இல்லை. 2040-களின் மதுரை, மாட்டுத்தாவணி, பூ மார்க்கெட், ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அறிவியல் புனைவு என்று பார்த்தால் அந்த மாத்திரை மட்டும்தான்.

நான் எதையும் எழுதிக்கொண்டு போகவில்லை. முதல் நாள் பரோட்டா வாங்கி வைத்து, ஆளுக்கு ஐந்து துண்டுச் சீட்டு கொடுத்தேன். தூக்கத்தை நம்பிப் பிழைக்கும் எதையாவது எழுது என்றேன். பாய், கொசுவத்தி, வாட்ச்மேன், லாட்ஜ், ஸ்லீப்பர் பஸ், தாலாட்டு என்று வந்தது. எங்கள் கூட்டத்தில் ஒரு அக்கா நர்ஸ். அவர் எழுதியது: "நைட் ஷிஃப்ட் அலவன்ஸ்." யாருக்கும் அசதி இல்லையென்றால் ராத்திரி வேலைக்குத் தனியாக எதற்குக் காசு? எல்லோரும் ஒரு நிமிஷம் பேசவில்லை. கேம்பெய்ன் அந்தச் சீட்டிலிருந்துதான் பிறந்தது.

அப்புறம் சார்ட் பேப்பரில் ஒரு வட்டம் போட்டு ஆறு துண்டாகப் பிரித்தேன். பிளேட்ஸ் இன் த டார்க் என்ற ஆட்டத்தை ஆடியவர்களுக்கு இந்தக் கடிகாரம் தெரியும். முதல் துண்டில் மாத்திரை பணக்காரப் பிள்ளைகளின் நுழைவுத் தேர்வுக்கு மட்டும். இரண்டாவதில் கோச்சிங் சென்டர்கள் கட்டாயமாக்கும். மூன்றாவதில் ஆஸ்பத்திரி. இப்படியே போய் ஆறாவதில், தூங்குகிற ஆளுக்கு யாரும் வேலை தரமாட்டார்கள். செஷன் முடிந்ததும் பிளேயர்கள் என்ன செய்தாலும் ஒரு துண்டைக் கறுப்பாக்குவேன். போராடினால் அந்தத் துண்டு எப்படி நிறைகிறது என்பதுதான் மாறும். கொடுமைதான், ஆனால் தொழில்நுட்பம் யாரைக் கேட்டு வருகிறது?

ஒரு விஷயத்தில் எனக்கும் என் நண்பனுக்கும் இன்றுவரை சண்டை. மாத்திரைக்கு ஒரு ரகசியப் பக்கவிளைவு வைத்திருந்தேன், ஆறாவது செஷனில் சாப்பிட்டவர்கள் விழ ஆரம்பிப்பார்கள். ஐந்தாவது முடிந்து வண்டியில் வீடு திரும்பும்போது அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன். மாத்திரை விஷம் என்றால் கேள்வியே முடிந்துபோகும், தடை செய் என்று எல்லோரும் ஒரே பக்கம் நிற்பார்கள். உண்மையிலேயே கெடுதல் இல்லாத, நன்றாக வேலை செய்யும் மாத்திரை என்றால்தான் நர்ஸ் பாத்திரத்துக்கு அதை விழுங்குவதா வேண்டாமா என்று கை நடுங்கும். திருப்பம் இல்லாமல் என்ன கதை என்கிறான் நண்பன். எனக்கென்னவோ அந்தத் திருப்பம் சோம்பேறித்தனமாகப் படுகிறது.

அதற்குப் பதில் ஆறாவது செஷனில் நடந்தது இது. நர்ஸ் பாத்திரத்தின் பாட்டி மாத்திரையைத் தொட மாட்டேன் என்கிறார். ஒன்பது மணிக்குப் பாயை விரித்துப் படுக்கிறார். வீட்டில் எல்லோரும் விழித்திருக்கிறார்கள். கடைசிப் பேரன் தூங்குகிற ஆளை அதுவரை பார்த்ததே இல்லை. பாட்டிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அழுகிறான். அப்புறம் குடும்பமே சுற்றி உட்கார்ந்து அவர் மூச்சு விடுவதைப் பார்க்கிறது. அந்தக் காட்சியை அக்காவே சொல்லிக்கொண்டு போனார், நான் வாயே திறக்கவில்லை.

ஒரு தப்பும் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கு நிஜமாகவே தூக்கமின்மைப் பிரச்சினை. நான் கேட்கவே இல்லை. மூன்றாவது செஷன் முடிந்து ராத்திரி மெசேஜ் அனுப்பினார். அதிலிருந்து மேசை நடுவில் எக்ஸ் கார்டு இருக்கிறது. யார் தொட்டாலும் காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை விட்டுவிடுவோம்.

வட்டிக்கடை

ஜி.எம்.-கள் மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், பிளேயர் தரப்பிலிருந்தும் ஒன்று. எங்களுக்கு நட்சத்திர மண்டலத்தின் பொருளாதாரம் வேண்டாம். கருவியில் ஒன்றைக் கையில் கொடுங்கள், கூடவே ஒரு கடனையும் கொடுங்கள்.

எங்கள் ஜி.எம். எந்தப் பொருளையும் நகலெடுக்கும் பிரிண்டர் ஒன்றைக் கொடுத்தார். ஒரு சின்ன ஸ்டேஷனில் கடை, இயந்திரம் தவணையில் வாங்கியது, ஒவ்வொரு செஷன் முடிவிலும் ஈ.எம்.ஐ. கட்ட வேண்டும். முதல் மாதம் ஊரே வரிசையில் நின்றது. இரண்டாம் மாதம் ஒரு வாடிக்கையாளர் எங்கள் பிரிண்டரிலேயே பாகம் பாகமாக அடித்து வாங்கிக்கொண்டு போய் எதிரில் கடை போட்டான். பிரிண்டர் பிரிண்டரையே அடிக்கும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை! விலை விழுந்தது, தவணை விழவில்லை. வட்டி கட்டியே பதினோரு செஷன் ஓடியது. நான் ஆடியதிலேயே பரபரப்பான விண்வெளிக் கதை அதுதான், ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை.

இதற்கு முன் வேறொருவரிடம் ஆடினேன். செயற்கை நுண்ணறிவைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே ஒரு முடிவு இருந்தது. எந்தக் கதவைத் திறந்தாலும் அந்த முடிவுதான் உட்கார்ந்திருக்கும். இரண்டாவது செஷனுக்கு அப்புறம் எனக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தது.

பூஜ்யம்செஷன்

எல்லோருக்கும் நன்றி. இப்போதைக்கு முடிவு செய்தது: அதே பெட்டி, ஆனால் மொத்தம் இரண்டே கிரகத்தில். நிமிஷத்துக்கு ஒரு மாலுமியின் மாதச் சம்பளம். பிளேயர்கள் தபால் கப்பலில் வேலை பார்ப்பவர்கள், ஒப்பந்தம் இன்னும் ஒரு வருஷம்தான், கப்பலுக்குக் கடன் பாக்கி (வட்டிக்கடை, இது உங்கள் புண்ணியம்). வட்டமும் போட்டாயிற்று. முதல் துண்டு: மூன்றாவது பெட்டியைத் தங்கள் கப்பலிலேயே ஏற்றிக்கொண்டு போகிறார்கள், உள்ளே என்ன என்று தெரியாது.

சனிக்கிழமை சாயங்காலம் முதல் கூட்டம். துண்டுச் சீட்டும் பரோட்டாவும் தயார். நோட்டில் இதுவரை ஒன்றரைப் பக்கம்தான் எழுதியிருக்கிறேன், கை அரிக்கிறது.

அந்தப் பழைய 22 பக்கம் யாருக்காவது வேண்டுமா? கண்டுபிடித்தவரின் நாட்குறிப்பு நன்றாகவே வந்திருக்கும்.